கொதிப்பது வேறு, வேவது வேறு

விடுமுறைக்குக் கொடைக்கானல் செல்லும் சகோதரிகளே! ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. ஆகவே அங்கே தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் திறந்த சட்டியின் நீர் அதற்குமேல் சூடேறாது. அவ்வளவு வெப்பமும் எங்கே போகிறது? நீரை ஆவியாக்குவதில் செலவாகிறது. 1 கிராம் நீரை 1 டிகிரி சூடேற்ற 1 கலோரி போதும். ஆவியாக்கவோ ஏறத்தாழ 540 கலோரி வேண்டும்! அந்த ஆவி கையில் பட்டு நீராகும்போது அவ்வெப்பத்தைத் தோலில் இறக்கிவிடும். கொதிநீரினும் ஆவி கொடிது.

கொண்டைக்கடலையும் ஆட்டிறைச்சியும் வேகவில்லையென்று தீயைக் கூட்டினால் சிலிண்டர்தான் காலியாகும். குக்கரில் ஆவி அடைபட்டு அழுத்தம் மிகுவதால் கொதிநிலை 110 டிகிரியைத் தாண்டும். குக்கர் இல்லையேல், மூடிவைத்துச் சிறுதீயில் கூடுதல் நேரம் விடுங்கள். குழந்தைகளுக்கான குடிநீரையும் கொதி வந்தபின் 3 நிமிடம் கொதிக்க விடுங்கள்.