அட்டைக்குப் பத்துப் புள்ளி போடுவது யார்?

போக்கிமான் அட்டை சேகரிக்கும் இளையர்கள் பலர், “எந்த நிறுவனத்துக்கு அனுப்பலாம்?” என்று கேட்கிறார்கள். அட்டையைப் பரிசோதித்து, 1 முதல் 10 வரை புள்ளி வழங்கி, பிளாஸ்டிக் பெட்டிக்குள் நிரந்தரமாக அடைத்துத் தரும் அமெரிக்கத் தரமதிப்பீட்டு நிறுவனங்களைப் பற்றிய கேள்வி அது. எதற்காக அனுப்புகிறோம் என்பதை முதலில் முடிவு செய்வதே நல்லது என்பது என் கருத்து.

விற்கும் எண்ணம் இருந்தால், பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது 1991ல் தொடங்கிய பிஎஸ்ஏ. வாங்குவோருக்கு நன்கு அறிமுகமான பெயர் அது. ஆனால், அதன் அளவுகோலில் 9க்கும் 10க்கும் நடுவே எதுவுமில்லை. மூலையில் தெரியும் ஒரு சிறு வெண்புள்ளி விலையைப் பாதியாக்கிவிடலாம். பெக்கெட் நிறுவனத்தில் 9.5 உண்டு. படம் நடுவில் அமைந்துள்ளதா, மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு என நான்குக்கும் தனித்தனிப் புள்ளிகளும் உண்டு. அட்டையின் குறை எங்கே என்று அறிய விரும்புவோருக்கு இது பிடிக்கும். காமிக்ஸ் புத்தகங்களை மதிப்பிட்டு வந்த சிஜிசி, 2020ல்தான் அட்டைகளுக்கு வந்தது.

இனி, கணக்கு. ஒரு பேச்சுக்கு, உங்கள் அட்டை இப்போதே 60 வெள்ளிக்கு விலை போகும் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம், அஞ்சல், முகவருக்குத் தருவது எல்லாம் சேர்த்து 40 வெள்ளி. அதாவது 100 வெள்ளி முதல். 10 கிடைத்தால் 150 வெள்ளி, 9 கிடைத்தால் 70 வெள்ளி. இப்படிப்பட்ட பத்து அட்டைகளில் நான்குக்காவது 10 கிடைத்தால்தான் போட்ட பணம் தேறும். மூன்றுக்குக் கிடைத்தாலும் நட்டம்தான். 8 வந்தால் சொல்லவே வேண்டாம். பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தை அனுப்புமுன் இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம்கூட ஆகாது. எந்த அட்டைக்கு எத்தனை 10 வழங்கப்பட்டுள்ளது என்ற எண்ணிக்கையை நிறுவனங்களே வெளியிடுகின்றன. அதையும் பாருங்கள்.

எனக்கு உறுத்தும் விஷயம் வேறு. பிஎஸ்ஏவின் கட்டணம் அட்டையின் மதிப்பைப் பொறுத்தது. உயர்ந்த புள்ளி கிடைத்து மதிப்பு வரம்பைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் கேட்கப்படலாம். புள்ளி போடுபவருக்கே அதனால் வருமானம் கூடும் ஏற்பாடு இது. தவறு நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், தேர்வுத்தாளைத் திருத்துபவருக்கு ‘ஏ’ கிரேடுக்கு ஏற்பக் கட்டணம் என்றால் நாம் ஒப்புக்கொள்வோமா? பிஎஸ்ஏவின் தாய் நிறுவனம் 2024ல் எஸ்ஜிசி என்ற போட்டி நிறுவனத்தையும் வாங்கிவிட்டது. தேர்ந்தெடுக்க இருக்கும் வழிகள் குறைகின்றன.

புள்ளி என்பது ஒருவரது கருத்து மட்டுமே. பிஎஸ்ஏ முதன்முதலில் மதிப்பிட்டது, பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் புகழ்பெற்ற அட்டையை. அதற்கு 8 கொடுத்தது. அதன் ஓரங்களை வெட்டிச் சீராக்கியது தாமே என்று ஏல நிறுவனர் பில் மாஸ்ட்ரோ 2013ல் ஒப்புக்கொண்டார். அப்படி வெட்டப்பட்ட அட்டைக்குப் புள்ளியே தரக்கூடாது என்பது விதி.

காத்திருப்பையும் மறக்க வேண்டாம். 2021ல் குவிந்த அட்டைகளைச் சமாளிக்க முடியாமல் பிஎஸ்ஏ தன் பெரும்பாலான சேவைகளை நிறுத்தி வைத்தது. அட்டை திரும்பி வரும்போது சந்தை விலை அதேபோல் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

முகவர் வழியாக அனுப்புவோர், ஒவ்வோர் அட்டையின் இருபுறத்தையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழியில் தொலைந்தால் இழப்பீடு தருவது யார் என்பதை எழுத்தில் கேளுங்கள். பெட்டியில் அடைத்த அட்டையை வாங்குவோர் சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் சரிபார்க்கலாம். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. போலிப் பெட்டிகளில் உண்மையான எண்களையே அச்சிடுகிறார்கள். அங்கே படம் இருந்தால், கையிலுள்ள அட்டையோடு ஒப்பிட்ட பிறகு பணம் கொடுங்கள்.