பக்கத்துல யார் நிக்கிறாங்க?

ஆராதனைன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? கீபோர்டு, டிரம்ஸ், கையை உயர்த்திப் பாடுற கூட்டம், அதுல எடுத்த ரீல்ஸ். பாட்டு நல்லா இருந்தா "வொர்ஷிப் செம"ன்னு சொல்லிட்டு வந்துடுறோம். எனக்கும் அந்தப் பாட்டுகள் பிடிக்கும். ஆனா ஆராதனையைப் பாட்டை வச்சு மட்டும் அளக்க முடியாது. அதுக்கான காரணம் எங்க மாவட்டத்திலேயே இருக்கு.

நான் சங்கராபுரம். எங்க கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை வட்டத்தில் எறையூர்னு ஒரு ஊர். அங்கே பழமையான ஜெபமாலை அன்னை ஆலயம் இருக்கு. வன்னியர் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் அங்கே ஒரே திருப்பலி, ஒரே நற்கருணை. ஆனா செத்தா கல்லறை வேற வேற. இதில் மனம் வெறுத்த தலித் மக்கள், தங்களுடைய சகாய மாதா ஆலயத்தைத் தனிப் பங்காக அறிவிக்கச் சொல்லிக் கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அது கலவரமாக வெடித்தது. தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் தரப்பில் 2 பேர் இறந்தார்கள். அது தவக்காலம் வேற.

"சாதி ஊர்ப் பிரச்சினை, ஆராதனை ஆன்மிகம். ரெண்டையும் ஏன் போட்டுக் குழப்புற?"ன்னு நீங்க கேட்கலாம். பைபிளே ரெண்டையும் பிரிக்கலையே! காணிக்கை செலுத்த வந்த இடத்துல, சகோதரனுக்கு உன் மேல மனத்தாங்கல் இருக்குன்னு ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கேயே வச்சுட்டு முதல்ல போய் சமாதானமாகுன்னு இயேசு சொல்றார் (மத்தேயு 5). கொரிந்து சபையில் வசதியானவங்க முன்னாடியே சாப்பிட்டு முடிக்க, இல்லாதவங்க பசியோட நின்னாங்க. நீங்க சாப்பிடுறது ஆண்டவருடைய விருந்தே இல்லைன்னு பவுல் கடிதம் எழுதினார். அங்கே ஜெபத்துக்கோ பாட்டுக்கோ குறைச்சல் இருந்ததா அவர் சொல்லலை. கூட இருந்தவங்களை நடத்தின விதத்தைத்தான் கண்டிச்சார்.

எறையூரில் தனிப் பங்கு கேட்டவங்களை "சபையைப் பிரிக்கிறாங்க"ன்னு சொல்றது சுலபம். ஆனா கல்லறையைப் பிரிச்சு வச்சது அவங்க இல்லையே.

இதை மாத்தவே முடியாதுன்னும் சொல்லாதீங்க. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் சாதிவாரியாக உட்காருவதற்காகவே ரெண்டு பிரிவா ஒரு கோயில் கட்டினார்கள். பீடம் பொது, நடுவுல சுவர். 1910இல் அந்தச் சுவரை இடிச்சாங்க. எதிர்ப்பும் வழக்கும் வந்துச்சு. ஆனா சுவர் திரும்ப எழும்பலை.

நீங்க கிறிஸ்தவரா இருந்தா ஒரு வேலை செய்யுங்க. வர்ற நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு உங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்க. மெழுகுவத்தி ஏத்துறதுக்கு முன்னாடி சுத்திப் பாருங்க. ஒரு தோட்டமா, ரெண்டா? நடுவுல சுவர் இருக்கா? இருந்தா, அடுத்த ஞாயிறு இளைஞர் கூட்டத்தில் பாட்டு பிராக்டிஸ் ஆரம்பிக்கும் முன்னாடி அதைப் பேசுங்க. வீட்ல திட்டுவாங்க, பங்குல முறைப்பாங்க. பரவாயில்லை, அந்தப் பேச்சும் ஆராதனைதான்.