பயிற்றுநரும் ஆசிரியரே

விளையாட்டைப் பற்றி எழுதுவோர்க்குப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் இருக்கிறது. இலக்கியப் பக்கத்தில் அவர்க்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், நான் ஈண்டு எழுதப் புகுந்தது ஆட்ட முடிவுகளைப் பற்றியன்று, கல்வியைப் பற்றி. பன்னிரண்டு வயதுச் சிறுவனொருவனுக்கு வகுப்பறையில் யார், எதை, எம்முறையிற் கற்பிக்கின்றார் என்று நாம் ஆராய்கின்றோம். பாடநூலில் ஒரு பிழை கண்டால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகின்றோம். அதே சிறுவன் பிற்பகலில் மைதானத்தில் இறங்கியதும் எமது அக்கறை நின்றுவிடுகிறது. அங்கே அவனைப் பயிற்றுபவரும் ஓர் ஆசிரியரே என்பதை நாம் மறந்துவிட்டோம். இம்மறதியால் விளையும் கேடு எல்லா விளையாட்டுகளிலும் உண்டு. எனினும், அது மிகத் தெளிவாகப் புலப்படுவது றக்பி ஆட்டத்திலேயாம்.

இவ்வாட்டம் எமது நாட்டுக்குப் புதியதன்று. 1879 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கொழும்பிலே ஒரு கழகம் அமைத்த காலந்தொட்டு அது இங்கே ஆடப்பட்டு வருகிறது. 1906 இல் கண்டித் திரித்துவக் கல்லூரியும் கிங்ஸ்வூட் கல்லூரியும் ஆடிய ஆட்டமே பாடசாலைகளுக்கிடையே நடந்த முதலாவது ஆட்டம் என்பர். 1945 இல், கொழும்பு றோயல் கல்லூரியின் அதிபராயிருந்த பிறட்பி அவர்கள் ஒரு கேடயத்தை வழங்கினார். றோயலும் திரித்துவமும் அவர் பெயர் தாங்கிய அக்கேடயத்துக்காக இன்றும் பொருதுகின்றன. அந்த ஆட்ட நாட்கள் கொழும்பிலும் கண்டியிலும் திருவிழா நாட்களே.

அறியாதார்க்காக ஆட்டத்தின் இயல்பைச் சுருங்கச் சொல்கிறேன். பக்கத்துக்குப் பதினைவர். முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடி, எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் நிலத்திற் பதித்தல் வேண்டும். பந்தைக் கையால் முன்னோக்கி எறிதல் ஆகாது. பின்னே ஓடி வருபவனுக்கே கொடுக்கலாம். பந்தேந்தியவனை எதிரணியார் மடக்கிப் பிடித்து வீழ்த்தலாம். ஆட்டத்தின் கல்விப் பயனும் அபாயமும் இவ்விரு விதிகளிலேயே அடங்கியிருக்கின்றன. முன்னேற விரும்புபவன் பின்னால் வரும் தோழனை நம்பியே ஆகவேண்டும் என்ற பாடத்தை இத்துணை நேராகக் கற்பிக்கும் ஆட்டம் வேறொன்றை நான் அறியேன். பருத்தவன், மெலிந்தவன், நெடியவன், குறியவன் ஆகிய அனைவர்க்கும் இதில் ஓரிடம் உண்டு என்பதும் சிறப்பே. ஆனால், வீழ்த்தலும் வீழ்தலும் முறையாகக் கற்பிக்கப்படாவிடின் அதே ஆட்டம் இளம் உயிருக்கு உலை வைத்துவிடும்.

இங்கிலாந்தில் றக்பி என்னும் ஊர்ப் பாடசாலையிலே, 1823 இல், வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவன் பந்தைக் கையிலெடுத்துக்கொண்டு ஓடியதால் இவ்வாட்டம் பிறந்தது என்றொரு கதை வழங்குகிறது. அக்கதை எழுத்தில் வந்ததோ 1876 இல், எல்லிஸ் இறந்து நான்கு ஆண்டுகளின் பின்னர். ஆதலின் ஆராய்ச்சியாளர் அதனை ஐயுறுகின்றனர். கதையைக் காட்டிலும் உண்மையே எமக்குப் பயன் தருவது. 1845 இல் அப்பாடசாலையில் ஆட்ட விதிகளை முதன்முதலாக எழுத்தில் வடித்தவர்கள் மாணவர்களே, ஆசிரியர்கள் அல்லர். அங்கே 1828 முதல் 1842 வரை அதிபராயிருந்தவர் தோமஸ் ஆர்ணல்ட். கவிஞர் மத்தியூ ஆர்ணல்டின் தந்தை. விளையாட்டைக் கல்வியின் நடுவே வைத்தவர் இவர்தாம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மையில் அவர் நோக்கு ஒழுக்கத்திலும் சமயத்திலுமே நின்றது. விளையாட்டை வழிபாடாக்கியவர்கள் அவருக்குப் பின் வந்தோரே. 1857 இல் தோமஸ் ஹியூஸ் எழுதிய தொம் பிறவுண் கதையும் அதற்குத் துணைபுரிந்தது. சிறுவர் தம் மகிழ்ச்சிக்காகத் தாமே விதி செய்து ஆடிய ஆட்டம் காலப்போக்கிற் பெரியோரின் மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

என் முறைப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. பாடசாலை அணியொன்று தோற்றால் அதிபரும் பெற்றோரும் பழைய மாணவரும் தாமே தோற்றதாக எண்ணுகின்றனர். பயிற்றுநரிடம் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: இவ்வாண்டு கேடயம் வருமா? இக்கேள்வி மூத்தோர் அணியோடு நிற்பதில்லை; படிப்படியாக இறங்கிப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் அணி வரை வந்துவிடுகிறது. அப்போது பயிற்றுநர் என்ன செய்வார்? முந்தி வளர்ந்த பெரிய உடம்பன் ஒருவனைத் தேர்ந்து, அவன் கையிற் பந்தைக் கொடுத்து, ஓடு என்கிறார். அவனும் எதிரே நிற்கும் சிறுவரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிறான். ஆட்டம் வெல்லப்படுகிறது, பிள்ளைகள் இருவர் கெடுகின்றனர். அந்தப் பெரிய உடம்பன் பந்தைப் பிறர்க்குக் கொடுக்கக் கற்பதில்லை. பதினேழு வயதில் மற்றவரும் வளர்ந்து அவனுக்கு நிகராகும்போது அவனிடம் ஒரு வித்தையும் இருப்பதில்லை. மெலிந்த சிறுவனோ, பருவம் முழுவதும் கோட்டுக்கு வெளியே பிறருடைய பைகளுக்குக் காவலிருந்துவிட்டு மறுவருடம் வராமலே நின்றுவிடுகிறான். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடையே உடல் வளர்ச்சியில் இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசம் காணப்படுதல் இயற்கை. நியூசிலாந்தின் ஓக்லாந்துப் பகுதியிற் சிறுவர்களை வயதோடு எடையையும் கணக்கிட்டுப் பிரித்து ஆடவிடுவது இதனாலேயே.

இதனிலும் பெரிய கேடு ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன், பாடசாலைகளுக்கிடையே நடந்த ஆட்டமொன்றைப் பார்க்கச் சென்றிருந்தேன். பதினைந்து வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் எதிராளியின் முழங்காலிலே தலை மோத விழுந்தான். சிறிது நேரத்தில் எழுந்து நின்றான். கோட்டருகே வந்தபோது, எத்தனைக்கு எத்தனை என்று தோழனிடம் கேட்டான். தோழன் விடை சொன்ன பின், மறுபடியும் அதையே கேட்டான். முகத்தில் நீர் தெளித்து, முதுகிலே தட்டி, அவனை உள்ளே அனுப்பினர். கூட்டம் ஆரவாரித்துக் கை தட்டிற்று. எனக்கு அடுத்திருந்த பெரியவர், "பிள்ளைக்கு நல்ல நெஞ்சுரம்" என்றார். அன்று அப்பிள்ளைக்கு ஒன்றும் நேரவில்லை. அது பயிற்றுநரின் திறமையன்று, பிள்ளையின் நல்வினை.

2011 இல் வட அயர்லாந்திலே பதினான்கு வயது மாணவனொருவன் இவ்வாறே ஒரே ஆட்டத்தில் தலையில் அடிபட்டும் தொடர்ந்து ஆடி உயிர் நீத்தான். முதலடியால் அதிர்ந்த மூளை தேறுமுன் இரண்டாவது அடி விழுந்ததே காரணம் என 2013 இல் மரண விசாரணை கண்டது. அதே 2013 இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பதினேழு வயது மாணவியொருத்தி இவ்வகையிலேயே இறந்தாள். அதன் விளைவாக அம்மாகாணம் 2018 இல் ஒரு தனிச் சட்டமே இயற்றியது. மூளை அதிர்ச்சிக்கு அறிவு மயங்கி விழவேண்டும் என்பதில்லை. பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. தடுமாற்றம், மறதி, தலைவலி, ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டல் ஆகியவையே அறிகுறிகள். ஐயம் தோன்றினால் பிள்ளையை வெளியே எடு; அன்று திரும்பவும் ஆடவிடாதே. விதி இவ்வளவே. இதனைக் கைக்கொள்ள மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. ஓர் ஆட்டத்தை இழக்கத் துணிந்த மனம் வேண்டும். 2003 இல் உலகக் கிண்ணம் வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தொம்சன், அவ்வெற்றி தமக்கு நினைவிலேயே இல்லை என்று 2020 இற் கூறியதைப் படித்தோர், அம்மனம் ஏன் வேண்டும் என்பதை உணர்வர்.

ஆயின், இவ்வாட்டத்தைப் பாடசாலைகளிலிருந்து அகற்றிவிடுவோமா? அது என் கருத்தன்று. படிமுறையாகக் கற்பிப்போம் என்பதே என் கருத்து. இங்கிலாந்தில் அண்மைக் காலத்தில் வகுக்கப்பட்ட ஒழுங்கைப் பாருங்கள். ஏழு, எட்டு வயதுக்குட்பட்டோர் ஒருவரையொருவர் வீழ்த்துவதேயில்லை. இடுப்பில் தொங்கும் நாடாவைப் பறித்தாற் போதும். அணிக்குப் பதினைவருமில்லை, நால்வர், அறுவர் எனத் தொடங்கி வயதோடு தொகை ஏறுகிறது. வீழ்த்துவதும், தோளோடு தோள் பூட்டித் தள்ளுவதும் ஒவ்வொன்றாகப் பின்னரே வருகின்றன. அணியில் வந்த ஒவ்வொரு பிள்ளையும் ஆட்ட நேரத்திற் பாதியாவது ஆடவேண்டும் என்றும் விதித்தனர். பிரான்சிலே 2018 இல் இளம் ஆட்டக்காரர் சிலர் இறந்ததன் பின், 2019 இல், தொழில்முறை சாராத ஆட்டங்களில் இடுப்புக்கு மேலே மடக்கிப் பிடித்தலைத் தடுத்தனர். எழுத்தறியுமுன் காப்பியம் படிப்பிக்கும் ஆசிரியர் எவருமிலர். பத்து வயதுப் பிள்ளையைப் பெரியோர் ஆட்டத்தில் இறக்கிவிடுதல் குருவி தலையிற் பனங்காய் வைத்ததற்கு ஒப்பாகும்.

இவ்வாறு மென்மை பாராட்டினால் வீரர் தோன்றுவரோ என்று சிலர் நகைப்பர். அவர்கட்கு வேல்ஸ் நாட்டைக் காட்டுவேன். அங்கே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த கார்வின் ஜேம்ஸ், லாண்டவரிக் கல்லூரியில் வேல்ஸ் மொழி ஆசிரியராய் இருந்தவர். தம் தாய்மொழி இலக்கியத்தில் தோய்ந்தவர். ருஷ்ய மொழியும் கற்றவர். இவர் பயிற்றிய பிரித்தானிய லயன்ஸ் அணி 1971 இல் நியூசிலாந்து சென்று தொடரை வென்றது. அந்நாட்டிலே லயன்ஸ் அணி தொடர் வென்றது அன்று ஒரு முறைதான். அதன் பின்னும் இல்லை. மறு ஆண்டு ஒக்டோபர் 31 ஆந் திகதி, இவர் பயிற்றிய லனெல்லி என்ற சிற்றூர் அணி அதே நியூசிலாந்து அணியை 9க்கு 3 என வென்றது. இவர் ஆட்டக்காரரை அதட்டி ஆண்டவரல்லர். அவர்களிடம் வினவி, அவர்களைச் சிந்திக்க வைத்து, களத்தில் முடிவெடுக்கும் பொறுப்பை அவர்களிடமே விட்டவர். வகுப்பறையில் நல்லாசிரியர் எதைச் செய்வாரோ அதையே அவர் மைதானத்திற் செய்தார். சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனான கரத் எட்வேட்ஸ் 1967 முதல் 1978 வரை வேல்ஸ் அணிக்கு 53 முறை ஆடினார். அவரைச் சிறுவயதிற் கண்டெடுத்து வளர்த்தவரும் பில் சாமுவெல் என்ற ஒரு பாடசாலை உடற்பயிற்சி ஆசிரியரே.

எமக்கு இது புதிய ஞானமன்று. நல்லாசிரியர்க்கு நிலத்தையும் நிறைகோலையும் உவமை கூறிற்று நன்னூல். நிலம் பருவத்துக்கும் முயற்சிக்கும் ஏற்பவே பயன் தரும். விதைத்த மறுநாள் கதிர் கேட்பவன் உழவனல்லன். நிறைகோல் பெரிய உடம்பனுக்கும் மெலிந்தவனுக்கும் ஒருபடித்தாய் நிற்கும். ஆசிரியராகாதார்க்குப் பவணந்தியார் சொன்ன உவமைகளுள் ஒன்று முடத்தெங்கு. நீர் வார்த்தவன் முற்றத்தை விட்டு அயலான் வளவிலே காய் சொரியும் மரம் அது. பிள்ளை தரும் உழைப்பையும் வியர்வையையும் பெற்றுக்கொண்டு, அதன் பயனைப் பழைய மாணவரின் பெருமைக்கும் பாடசாலையின் கண்ணாடிப் பேழைக்கும் சொரியும் பயிற்றுநரை வேறெவ்வாறு அழைப்பது?

இனி, வடக்கிலும் கிழக்கிலும் உள்ள எமது பாடசாலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. உதைபந்தாட்டமும் துடுப்பாட்டமும் பெற்ற இடத்தை றக்பி இங்கே இன்னும் பெறவில்லை. அதை நான் குறையாகக் கருதவில்லை, வாய்ப்பாகவே கருதுகிறேன். பழைய பகையும் பழைய கேடயமும் இல்லாத இடத்தில் ஒன்றைச் செவ்வையாகத் தொடங்கலாம். கோடையில் இறுகிக் கிடக்கும் எமது மைதானங்களில் பிள்ளைகளை வீழ்த்தி விளையாட வேண்டியதுமில்லை. நாடா பறிக்கும் ஆட்டத்துக்கு ஒரு பந்தும் சில துணிப்பட்டைகளும் போதும். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்தே ஆடலாம். ஓராண்டு அவ்வாறு ஆடிய பின், வீழ்தலையும் வீழ்த்தலையும் மெத்தையில் முழங்காலிட்டுக் கற்கலாம். இதற்கு வேண்டியவர் வெளியூர் வல்லுநரல்லர். கற்பிக்கத் தெரிந்த ஓர் ஆசிரியர்.

ஆசிரிய நண்பர்களிடம் இறுதியாக ஒன்று கேட்பேன். உங்கள் பாடசாலையின் பயிற்றுநரை, உதைபந்தாட்டமாயினும் றக்பியாயினும், ஆண்டு முடிவில் மூன்று கேள்விகளால் அளந்து பாருங்கள். தொடக்கத்தில் வந்த பிள்ளைகளுள் எத்தனை பேர் இன்னும் வருகின்றனர்? அவர்களுள் மிகப் பின்தங்கியவன் ஆண்டின் தொடக்கத்தில் அறியாத எதை இன்று அறிவான்? அடிபட்ட பிள்ளையை வெளியே எடுத்து, அதனால் ஓர் ஆட்டத்தை இழந்த நாள் ஏதேனும் வந்ததா. வந்தபோது அதிபரும் நாமும் அவர் பக்கம் நின்றோமா? மூன்றாவது கேள்வியின் பிற்பகுதி எமக்கு உரியது. அன்று அவரைத் தனியே விட்டுவிட்டு, மறுவருடம் அவரிடம் நல்லாசிரியரின் குணங்களை எதிர்பார்க்கும் உரிமை எமக்கில்லை.