வீக்கம் எப்படித் தணிகிறது?

சிவப்பு, வீக்கம், சூடு, வலி. அழற்சியின் இந்த நான்கு அடையாளங்களையும் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் எழுதி வைத்துவிட்டார். அவற்றை உடலுக்குள் உண்டாக்குவது எது என்பதற்கு உருப்படியான பதில் கிடைக்க ஏறக்குறைய 1,900 ஆண்டுகள் பிடித்தன.

1920-களில் லண்டனில் மருத்துவர் தாமஸ் லூயிஸ் செய்த சோதனைக்கு ஒரு மழுங்கிய முனையே போதும். தோலில் அழுத்தி ஒரு கோடு இழுப்பார். சில நொடிகளில் கோடு சிவக்கும். அடுத்து அதைச் சுற்றிச் செம்மை படரும். பிறகு கோடு இருந்த இடமே தடித்து எழும்பும். ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைத் தோலுக்குள் செலுத்தினாலும் அச்சு அசலாக இதே மாற்றங்கள்தான். அடிபட்ட தோல் அதைப் போன்ற ஒன்றைத் தானே வெளிவிடுகிறது என்று லூயிஸ் முடிவுகட்டினார். ஆனால் கையில் பிடித்துக் காட்ட முடியாததை ஹிஸ்டமின் என்று சொல்லிவிடவில்லை. 'எச்-பொருள்' என்று மட்டும் பெயர் வைத்தார். அந்த நிதானம் இன்றைய ஆய்வாளர்களுக்கும் வேண்டும். ஹிஸ்டமின் உடலிலேயே இருக்கிறது என்பது 1927-ல் உறுதியானது: ஹென்றி டேல் குழுவினர் நுரையீரலிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் அதைப் பிரித்தெடுத்தார்கள்.

பிறகு அழற்சியை மூட்டும் மற்றப் பொருள்களும் வரிசையாகப் பிடிபட்டன. பிரேசிலில் பாம்பு நஞ்சை ஆராய்ந்த ரோஷா இ சில்வா குழு 1949-ல் பிராடிகைனினை அறிவித்தது. அப்படிப்பட்ட இன்னொரு பொருளான புரோஸ்டாகிளாண்டினின் உற்பத்தியை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று 1971-ல் ஜான் வேன் காட்டினார். 1899-லிருந்து விற்பனையில் இருந்த மாத்திரை அது! எழுதிக் கொடுத்த மருத்துவருக்கும் விழுங்கிய நோயாளிக்கும் அதுவரை காரணம் தெரியாது.

இத்தனை பேரும் தேடியது அழற்சியை மூட்டும் பொருளை. அது அடங்குவதைப் பற்றி வெகுகாலம் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. மூட்டிய பொருள்கள் கரைந்தால் தானாகத் தணியும் என்றே இருந்துவிட்டார்கள். 1984-ல் சார்லஸ் செர்ஹான், சாமுவேல்சன் ஆகிய ஆய்வாளர்கள் லிபாக்சின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். அழற்சியை அடக்கவும் உடல் தனியே பொருள் செய்கிறது என்பது அதன்பின்தான் தெளிந்தது. 1999-ல் வெளியான எலி ஆய்வு ஒன்று இன்னும் முக்கியமானது. புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கும் மருந்து, தொடக்கக் கட்டத்தில் அழற்சியைக் குறைத்தது. 48 மணி நேரக் கட்டத்தில் மோசமாக்கியது.

இதற்குக் காரணமாகக்கூடிய ஒன்றை 2001-ல் செர்ஹான் குழு காட்டியது. வீக்கத்தை மூட்டும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான், நேரம் வந்ததும் லிபாக்சின் செய்யும்படி வெள்ளை அணுக்களைத் திருப்பிவிடுகிறது. அப்படியானால் புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கும் வலி மாத்திரையை எந்த நாளில் தொடங்கலாம், எந்த நாளில் நிறுத்த வேண்டும்? மனிதரிடம் இதைச் சோதித்துச் சொல்லும் ஆய்வுகளுக்குத்தான் இனிப் பணமும் ஆட்களும் ஒதுக்க வேண்டும்.