கத்தி பட்டா புற்று பரவுமா?

மணியாச்சி, கடம்பூர் பக்கம் புற்றுநோய்னு சொன்னதுமே வீட்ல யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சிருவாங்க: "கத்தி மட்டும் வச்சிராதீய, பரவிரும்." இது சுத்தப் பொய்.

பொய் எப்படி உண்மை மாதிரி ஆச்சு தெரியுமா? ஆறு மாசம் பச்சிலை, பத்து, யூடியூப் வைத்தியம்னு ஓட்டிட்டு, முத்தின பிறகு வருவாங்க. வயித்தைத் திறந்தா ஏற்கெனவே பரவியிருக்கும். எடுக்க வழியில்லாம மூடுவோம். கொஞ்ச நாள்ல இறப்பு. பழி கத்தி மேல.

பரவாத மார்பு, குடல் புற்றைக் குணமாக்குறதுல ஆபரேஷன்தான் பிரதானம். புகையிலை ஒதுக்கி வர்ற வாய்ப்புற்றுக்கும் அதேதான். ரத்தப்புற்றுக்குக் கத்தியே வேண்டாம். சிலதுக்கு முதல்ல கீமோ, அப்புறம் கத்தி.

"மார்பையே எடுத்துருவாங்க"ங்கிற பயத்துல மறைக்கிற அக்காமாரே, சின்னக் கட்டின்னா பெரும்பாலும் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தா போதும், ஆயுசு குறையாது. அமெரிக்காவுல ஃபிஷர், இத்தாலியில வெரோனேசி, ரெண்டு பேரும் 20 வருஷம் பின்தொடர்ந்து 2002-ல வெளியிட்ட முடிவு இது.

எங்க ஆட்களையும் சொல்லணும். பயாப்சி இல்ல, ஸ்கேன் இல்ல, "கொழுப்புக் கட்டிதான்"னு தோண்டி எடுத்துக் குப்பையில போடுற டாக்டர்கள் இருக்காங்க. அரைகுறையா எடுத்தா திரும்ப வரத்தான் செய்யும். ஊர்ல கத்திக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்ததுல அவங்களுக்கும் பங்கு உண்டு.

செலவா? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல புற்று ஆபரேஷன் உண்டு. மார்புல கட்டியோ, மூணு வாரமா ஆறாத வாய்ப்புண்ணோ இருந்தா பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. வலிக்கலையேன்னு இருந்திராதீய, ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது.