இச்சி, நி, சான்... பக்கத்து வீட்டுத் தாத்தா

போர்ட் பிளேயருக்கு வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. (2024-ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க. என் வாய்ல இன்னும் வரல.) பிழைப்பு மின்சாரம் சம்பந்தப்பட்டது. 2022-ல இந்தத் தீவுகளோட மின்சாரத்தைச் சீராக்க ஜப்பான் 400 கோடி யென்னுக்குக் கொஞ்சம் மேல மானியம் கொடுத்தது. அந்தச் செய்தி கிளப்பின ஆசைதான், ஜப்பானிய மொழி படிக்கலாம்னு. 2020-ல சென்னையிலேர்ந்து கடலுக்கடியில கேபிள் வந்ததுல இணையமும் பரவாயில்ல. வாரம் ரெண்டு நாள் சென்னை டீச்சர் ஒருத்தர்கிட்ட வீடியோவில பாடம்.

டீச்சருக்கும் தமிழ், எனக்கும் தமிழ். ஆனா பாடம் முழுக்க இங்கிலீஷ்ல! இதான் என் முதல் புகார்.

"ஜப்பானிய வாக்கியம் தலைகீழா இருக்கும்"னு ரெண்டு வகுப்பு போச்சு. யாருக்குங்க தலைகீழ்? 'வதாஷி வா அஷிதா சென்னை நி இகிமாஸ்'னா 'நான் நாளைக்கு சென்னைக்குப் போறேன்'. அதே வரிசை. 'நி' நம்ம 'க்கு'. கடைசியில 'கா' போட்டா கேள்வி, நம்ம 'போறீங்களா'வுல வர்ற 'ஆ' மாதிரி. 'தபெதே மிமாஸ்'னா அப்படியே 'சாப்பிட்டுப் பார்க்கிறேன்'. இதை இங்கிலீஷ்ல விளக்க அரை மணி நேரம் ஆச்சு! 'கோரே, சோரே, அரே'ன்னு மூணு. இது, உது, அதுன்னு யாழ்ப்பாணத்துக்காரங்க இன்னும் சொல்றாங்களே, அதேதான்.

ரெண்டும் அக்கா தங்கச்சி மொழின்னு நான் சொல்ல வரல. பேராசிரியர் சுசுமு ஓனோ சொன்ன அந்த உறவை மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏத்துக்கல. உறவு இல்லாட்டியும் குறுக்குவழி இருக்கே, அதை ஏன் விடணும்? (காஞ்சி எழுத்துக்கு மட்டும் குறுக்குவழி கிடையாது. காமாட்சியம்மன்தான் காப்பாத்தணும்.)

ரெண்டாவது விஷயம் கொஞ்சம் கனமானது.

ஒருநாள் காலையில வராந்தாவுல உட்கார்ந்து சத்தமா "இச்சி, நி, சான், ஷி, கோ, ரோகு..."ன்னு எண்ணிட்டு இருந்தேன். ஏழு மறந்துபோய் நின்னேன். மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலேர்ந்து "ஷிச்சி, ஹாச்சி, கூ, ஜூ"ன்னு மெதுவா ஒரு குரல். பக்கத்து வீட்டுத் தாத்தா. வயசு தொண்ணூறு. நான் குஷியாகி, "எங்கே தாதாஜி கத்துக்கிட்டீங்க?"ன்னு ஹிந்தியில கேட்டேன்.

"இங்கேதான், பள்ளிக்கூடத்துல"ன்னார். சிரிக்கல.

1942 மார்ச் 23-ல ஜப்பான் படை இங்கே இறங்கியது. 1945 அக்டோபர்ல சரணடையற வரைக்கும் அவங்க ஆட்சிதான். டாக்டர் திவான் சிங் செல்லுலார் ஜெயில்ல சித்திரவதைப்பட்டு 1944 ஜனவரி 14-ல செத்துப்போனார். அதே மாசம் 30-ஆம் தேதி ஹம்ஃப்ரிகஞ்ச்ல 44 பேரை உளவாளிகள்னு சொல்லிச் சுட்டாங்க. நேதாஜி இங்கே கொடி ஏத்தி சரியா ஒரு மாசம். கொடியேத்தினது நம்ம பாடப்புத்தகத்துல வரும், ஹம்ஃப்ரிகஞ்ச் வராது.

அந்த வாரம் டீச்சர் தலைவணங்கும் முறை சொல்லிக்கொடுத்தாங்க. 15 டிகிரி, 30 டிகிரி, 45 டிகிரி. எனக்கு அது மரியாதைப் பாடம். தாத்தாவுக்கு? சிப்பாய்க்குச் சரியா குனியலைன்னு அவங்க அப்பா அறை வாங்கினதை அவர் நேர்ல பார்த்திருக்கார்.

"நிறுத்திடட்டுமா?"ன்னு அவர்கிட்டயே கேட்டேன். "படி பேட்டா, மொழி என்ன பாவம் பண்ணிச்சு? ஆனா காலையில சத்தமா எண்ணாதே"ன்னார்.

பழசை எதுக்குக் கிளறணும், இன்னிக்கு ஜப்பான் நண்பன்தானேன்னு ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டார். நண்பன்தான். அதனாலதான் தெரிஞ்சுக்கிட்டுப் படிக்கணும்கறேன். சயாம் ரயில் பாதையில செத்த மலாயாத் தமிழர்களை நினைச்சா, இது அந்தமான் கதை மட்டுமில்லைன்னு புரியும்.

டீச்சர்களே, தமிழ்ப் பிள்ளைங்களுக்குத் தமிழ்லேர்ந்து ஆரம்பிங்க. கூடவே இந்த மூணரை வருஷத்தையும் ஒரு பத்து நிமிஷம் சொல்லுங்க.

நான் இப்போ உள் ரூம்ல, கதவைச் சாத்திக்கிட்டுத்தான் எண்ணறேன். ஏழு மட்டும் இனிமே மறக்காது.