வீட்டில் படிக்கும் பிள்ளை யாரிடம் சந்தேகம் கேட்கும்?

செங்கல்பட்டுக் கடைவீதியில் வியாபாரி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தோம். "மகள் என்ன படிக்கிறாள், பாய்?" என்றோம். "ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டோம். வீட்டிலிருந்தே பத்தாவது எழுதப் போறா" என்றார். "கணக்கில் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பாள்?" என்றோம். கல்லாவைப் பார்த்துக்கொண்டார். பதில் வரவில்லை.

சகோதரர்களே! பள்ளிக்கு அனுப்ப முடிந்தவர் பள்ளிக்குத்தான் அனுப்ப வேண்டும். 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி 2010 முதல் நடைமுறையில் உள்ள சட்ட உரிமை. அதை நாமே பறிக்கக் கூடாது. ஆனால் உடல்நலம், குடும்பச் சூழல், கடையில் ஆளில்லாமை என்று ஏதோ ஒரு காரணத்தால் வீட்டோடு நின்றுவிட்ட பிள்ளைகளை என்ன செய்வது?

அவர்களுக்கு வழி இருக்கிறது. மாநிலத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். 1989ல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு. ஐந்தாண்டுக்குள் பாடம் பாடமாக எழுதித் தேறலாம். கதவு திறந்துதான் கிடக்கிறது. பிறகு ஏன் பலர் பாதியிலேயே நின்றுபோகிறார்கள்?

தனிமைதான் காரணம். பள்ளிப் பிள்ளைக்குப் பக்கத்து பெஞ்சில் தோழி இருக்கிறாள். "இது எப்படி வந்தது?" என்று கேட்டால் அவள் சொல்கிறாள். கேட்டவளும் தெளிகிறாள், சொன்னவளுக்கும் பாடம் இன்னும் நன்றாகப் பதிகிறது. வீட்டில் இருப்பவளுக்குப் புத்தகமும் நான்கு சுவரும்தான். ஒரு கணக்கில் தடுக்கினால் அந்தப் பாடமே போகும். அந்தப் பாடம் போனால் தேர்வே போகும். பிறகு, "அவளுக்குப் படிப்பு வரவில்லை" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்!

இதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். கோவளம், புதுப்பட்டினம், செங்கல்பட்டு, மதுராந்தகம் என ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்தால் போதும். பட்டம் படித்த நம் சகோதரி ஒருவர் பொறுப்பேற்கட்டும். கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் குழு. மாலையில் ஒரு மணி நேரம் கேள்வியும் பதிலும். மாதம் ஒருமுறை நேரில் கூடி மாதிரித் தேர்வு.

"செல்போனைக் கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகும்" என்பார்கள். அச்சம் நியாயமானதே. தாயும் குழுவில் இருக்கட்டும், புகைப்படம் வேண்டாம், பாடம் தவிர வேறு பேச்சு வேண்டாம், நேரம் முடிந்தால் போன் தாயின் கைக்குத் திரும்பட்டும். கட்டுப்பாடு வைப்பது நம் கையில்தானே இருக்கிறது?

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தின் இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களே மாலை வகுப்பு நடத்தினார்கள். நம் கடற்கரைக்குப் பக்கத்து ஊரில் தொடங்கிய வேலையை நம் மஹல்லாவில் செய்ய முடியாதா? பத்ருப் போர்க் கைதிகளில் எழுத்தறிந்தவர்கள் பத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றதை ஜும்ஆ மேடைகளில் கேட்டவர்கள்தானே நாம்?

2007ல் தமிழக அரசு முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு தந்தது. போராடிப் பெற்றோம். பிளஸ் டூ சான்றிதழ் இல்லாத பிள்ளை அந்த இடத்தை எதைக் காட்டிக் கேட்கும்?

வியாபாரப் பெருமக்களே! கடை மாடியில் மாதம் ஒருநாள் ஓர் அறை கொடுங்கள். கல்லூரி இளைஞர்களே! உங்கள் பழைய புத்தகங்களைக் கொடுங்கள். தேர்வு விண்ணப்பத் தேதியை வீடு வீடாகச் சொல்லுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே! உங்கள் மஹல்லாவில் படிப்பு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்று வரும் வாரமே ஒரு பட்டியல் எடுங்கள்.

அடுத்த முறை அந்தச் சகோதரரிடம் அதே கேள்வியைக் கேட்கும்போது, அவர் கல்லாவைப் பார்க்காமல் பதில் சொல்ல வேண்டும். இன்ஷா அல்லாஹ், சொல்வார்.